காட்டோரத்து வீடும் காப்பித் தோட்டமும்: தீக்காலம் வருமுன் என்ன செய்யலாம்?

பழனி மலைத்தொடரில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கியிருக்கிறீர்கள். நடுவில் பழைய ஓட்டு வீடு. மேற்கு எல்லை முழுக்கக் காப்புக்காடு, அதற்குக் கீழே புல் சரிவு. போன மார்ச்சில் அந்தச் சரிவில் பற்றிய தீ உங்கள் வேலிக்கு மிக அருகில் வந்து நின்றது. இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறீர்கள்: தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாமலிருக்கப் புல்லை எடுத்து வைக்கும் பட்டை) எத்தனை அடி அகலம் வேண்டும், எந்தெந்த மரங்களை எடுக்க வேண்டும், தீக்காலத்துக்கு முன்பே நாமே புல்லைக் கொளுத்திவிட்டால் என்ன?

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். இதே மலையில் இருபது வருடத்துக்கு மேலாகக் காப்பி பயிரிடுகிறேன். தீ என் வேலி வரை மூன்று முறை வந்திருக்கிறது, ஒருமுறை உள்ளேயும் வந்தது. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லையிலிருந்து வேலையைத் தொடங்கப் பார்க்கிறீர்கள். வீட்டுச் சுவரிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். கையில் இருக்கும் கூலிப் பணமும் ஆட்களும் எல்லைக்குப் போவதற்குள் தீர்ந்துவிட்டாலும் பரவாயில்லை.

ஏன் என்றால், காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் தீச்சுவர் வந்து மோதி எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் தீப்பொறி விழுந்துதான் எரிகின்றன. அமெரிக்க வனத்துறையில் விஞ்ஞானியாக இருந்த ஜாக் கோஹன் 1990-களின் இறுதியில் கனடாவின் வடபகுதிக் காடு ஒன்றில் ஒரு சோதனை செய்தார். காட்டின் ஓரத்திலிருந்து 10, 20, 30 மீட்டர் தூரங்களில் மரப்பலகைச் சுவர்களை நிறுத்திவிட்டு, காட்டை உச்சிவரை எரியவிட்டார்கள். 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றின. 20 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நின்றவை பற்றவில்லை. அத்தனை பெரிய தீயின் அனலே அவ்வளவு தூரம்தான் எட்டியது. ஆனால் பொறிக்கு அந்தக் கணக்கு கிடையாது. 2018 நவம்பர் 8-ஆம் தேதி கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற மலையூரை அழித்த தீயில் 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அந்த ஊரின் படங்களைப் பார்த்தால் அடித்தளம் வரை எரிந்துபோன வீட்டுக்குப் பக்கத்திலேயே மரங்கள் பச்சையாக நிற்கும். வீடு எரிந்தது, மரம் எரியவில்லை. பொறி விழுந்த இடத்தில் பற்றுவதற்கு ஏதோ ஒன்று இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் யூகலிப்டஸ் அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்கும். தீப்பிடித்த பட்டைத் துண்டு காற்றில் ஏறினால் அணையாமல் வெகுதூரம் போகும். ஆஸ்திரேலியாவில் 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி 173 பேரைப் பலிகொண்ட தீயில், இப்படிப் பறந்த பட்டைகள் பல கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் புதிதாகத் தீ மூட்டின. உங்கள் எல்லையில் முப்பது அடிக் கோடு வெட்டினாலும் பொறி அதன் தலைக்கு மேலே போய்விடும்.

அதனால் ஜனவரி மாதத்தில், நல்ல காற்றடிக்கும் ஒரு மாலையில், வீட்டை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வாருங்கள். காற்று எந்த மூலையில் சருகைக் கொண்டுவந்து குவிக்கிறது என்று பாருங்கள். படிக்கட்டுக்குக் கீழே, சமையலறைச் சார்ப்பும் பெரிய கூரையும் சேரும் பள்ளத்தில், ஜன்னல் திண்ணையில், கதவு நிலைக்கு அடியில். சருகு சேரும் இடத்தில்தான் பொறியும் வந்து சேரும். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு சுற்று உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

ஓட்டு வீடு என்றால் பலர் பயமில்லை என்று நினைக்கிறார்கள். ஓடு எரியாது, சரி. ஓட்டுக்கு அடியில் இருக்கும் ரீப்பரும் கைமரமும் எரியும். பழைய மங்களூர் ஓட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளும் நகர்ந்த ஓடுகளும் எப்படியும் இருக்கும். அந்த இடைவெளி வழியே உள்ளே போனால் எலிக்கூடு, காய்ந்த இலை, பழைய ஒட்டடை, பரணில் அடுக்கிய சாக்கு. ஒரு பொறிக்கு அது போதும். மேலே ஆளை ஏற்றி உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், முகட்டு ஓட்டின் சாந்து விட்டுப்போயிருந்தால் பூசுங்கள், சருகைக் கூட்டித் தள்ளுங்கள். மழைநீர் இறங்கும் தகரத் தொட்டியில் வருடக்கணக்கில் மக்கிய இலை கிடக்கும், அதை அள்ளிப் போடுங்கள். காற்றுக்காக விட்ட துளைகளுக்கும் இறவாரத்து இடைவெளிகளுக்கும் இரும்புக் கம்பி வலை அடியுங்கள். கண் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் கொசுவலை வேண்டாம், அனல் பட்டதும் உருகி வழி விட்டுவிடும்.

அடுத்தது சுவரிலிருந்து ஐந்து அடி. இந்த ஐந்து அடிக்குள் எரியக்கூடிய பொருள் எதுவுமே இருக்கக் கூடாது. பாரடைஸ் எரிந்த இரண்டு வருடத்தில், 2020-இல், கலிபோர்னியா இந்த ஐந்து அடிக்கென்றே தனியாகச் சட்டம் கொண்டுவந்தது. நம் வீடுகளில் இந்த இடத்தில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மழை படாமல் இறவாரத்தடியில் சுவரோடு சேர்த்து அடுக்கிய விறகு. காப்பிக் கொட்டை கட்டிய சாக்குகள். காலியான உரப் பைகள், தென்னந்துடைப்பம், பழைய கோழிக்கூடு, புல்வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கி வைத்த பெட்ரோல் கேன். இவை எல்லாம் தீக்காலம் முடியும்வரை வெளியேற வேண்டும். விறகை முப்பது அடி தள்ளி வையுங்கள், அதுவும் வீட்டுக்கு நேர் கீழே சரிவில் வைக்காதீர்கள். தீ கீழிருந்து மேலே வரும். கீழே விறகு பற்றினால் அதன் அனல் முழுக்க வீட்டின் மேல்தான் அடிக்கும். வீட்டின் மட்டத்திலேயே பக்கவாட்டில் வைப்பது நல்லது.

கீற்றுக் கொட்டகை இருந்தால் அதைத்தான் நான் முதலில் பிரிப்பேன். வீட்டை ஒட்டிய கீற்றுச் சார்ப்பு, மாட்டுத்தொழுவத்தின் புல் கூரை, வைக்கோல் போர், மூன்றும் பொறிக்கு மெத்தை மாதிரி. தகரம் போட முடிந்தால் போடுங்கள்.

காப்பி காயவைக்கும் சிமெண்ட் களம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மேற்கில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். புதிதாகப் போடப் போகிறீர்கள் என்றால் மேற்கில், புல் சரிவுக்கும் வீட்டுக்கும் நடுவில் போடுங்கள். அதைவிட நல்ல தீத்தடுப்பு உங்கள் தோட்டத்தில் அமையாது. வழி அடைபட்டு வெளியேற முடியாமல் போனால் உயிரோடு ஒதுங்கி நிற்கவும் அந்தக் களம் உதவும்.

இனி தோட்டம். இங்கேதான் புதிதாக நிலம் வாங்கியவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள் என்பது என் எண்ணம். பயத்தில் எல்லாவற்றையும் வெட்டி வெளிச்சமாக்கிவிடுகிறார்கள். நிழல் போனதும் தரை காய்கிறது. அடுத்த மழைக்கு அங்கே புல் வருகிறது. இரண்டே வருடத்தில், மெதுவாகப் புகையக்கூடிய ஒரு தோட்டம் நிமிடத்தில் பற்றியெரியும் புல்வெளியாகிவிடுகிறது. மலையில் எரிந்த சரிவுகளைக் கவனித்துப் பாருங்கள். புல்லில் ஓடிவந்த தீ பெரும்பாலும் அடர்ந்த சோலைக்காட்டின் ஓரத்தில் வந்து நின்றிருக்கும். உள்ளே ஈரம், காற்று குறைவு, தரையில் மக்கிய இலை. நல்ல நிழலுள்ள காப்பித் தோட்டமும் பாதியளவுக்கு அந்தச் சோலையைப் போலத்தான். கல்யாண முருங்கை, பலா, அத்தி, மலைவாழை, பட்டர் ஃப்ரூட் எல்லாம் கலந்து நிற்கும் தோட்டத்தில் தீ நுழைந்தாலும் தரையோடு தவழ்ந்து போகும், மனிதர்கள் கிளையால் அடித்து அணைக்கிற உயரத்தில் இருக்கும். தனி சில்வர் ஓக் மட்டும் நட்ட தோட்டம் அப்படியில்லை. அதன் இலை காய்ந்து கொட்டிக்கொண்டே இருக்கும், எளிதில் மக்காது. நீங்கள் மரங்களைக் குறைப்பதைவிட வகையைக் கூட்டுவது நல்லது.

அப்படியென்றால் எதை எடுப்பது? தீ தரையிலிருந்து மரத்தின் உச்சிக்கு ஏறும் படிகளை எடுக்க வேண்டும். புல் பற்றினால் அதன் மேலிருக்கும் உண்ணிச்செடி பற்றும், உண்ணிச்செடியிலிருந்து காய்ந்த கொடிக்கும் தாழ்ந்த கிளைக்கும், அங்கிருந்து உச்சிக்கும் போகும். உச்சிக்குப் போன தீயை நீங்களும் நானும் அணைக்க முடியாது. எனவே மேற்குப் பக்கம் நூறு அடி அகலத்துக்கும் வீட்டைச் சுற்றி நூறு அடிக்கும் உண்ணிச்செடி இருக்கவே கூடாது. மரங்களின் கீழ்க்கிளைகளை ஆள் உயரத்துக்கு மேல் கழித்துவிடுங்கள். செத்துப்போன மிளகுக் கொடிகளை மரத்திலிருந்து இழுத்துப் போடுங்கள். உயிருள்ள கொடியைத் தொட வேண்டாம், அதன் அடியில் மூன்று அடி வட்டத்துக்குச் சருகை மட்டும் ஒதுக்குங்கள்.

உண்ணிச்செடியை எப்போது எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். நவம்பர், டிசம்பரில் மழைக்கு மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். பிப்ரவரியில் அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டை மறுபடி தளிர்க்கும், வெட்டிப்போட்ட தழை இரண்டு வாரத்தில் காய்ந்து நின்ற செடியைவிட மோசமான எரிபொருளாகிவிடும். நானே ஒரு வருடம் அப்படிச் செய்தேன். காப்பிப் பழம் எடுத்து முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டு, மாசி மாதத்தில் வெட்டி எல்லையோரம் குவியலாக விட்டுவிட்டேன். அந்த வருடம்தான் தீ உள்ளே வந்தது. வந்த இடம் அந்தக் குவியல்.

சருகைப் பற்றி ஒரு சங்கடம் உண்டு. காப்பிக்குச் சருகு மூடாக்கு வேண்டும், மண் ஈரத்தைக் காப்பதே அதுதான். எல்லாவற்றையும் வாரிவிட்டால் செடி வாடும். நான் செய்வது இது: எல்லையிலிருந்து ஐம்பது அடியும் வீட்டைச் சுற்றி ஐம்பது அடியும் சருகை வாரி, காப்பி வரிசைகளுக்கு நடுவே மழைநீருக்காக வெட்டிய குழிகளில் போட்டு மேலே மண் தள்ளிவிடுவேன். மற்ற இடங்களில் அப்படியே விட்டுவிடுவேன். குழியில் போன சருகு அடுத்த வருடத்துக்கு எருவாகிவிடும். நிழலை எவ்வளவு வைக்கலாம், எந்த மரத்தை எப்போது கவாத்து செய்யலாம் என்பதற்குத் தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். வீட்டுக்கு மேல் சாய்ந்த மரத்தையோ எல்லையில் நிற்கும் மரத்தையோ முழுதாக வெட்டுவதாக இருந்தால் உங்கள் பட்டா நிலமாக இருந்தாலும் அனுமதி வேண்டும். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நம் பகுதிக்குப் பொருந்தும். வனச்சரக அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, தீத்தடுப்புக் கோடு. புல் மூன்று நான்கு அடி உயரம் நிற்கிறது, அதுவும் உங்களுக்குக் கீழே சரிவில். ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சமதரையில் நடந்து தப்பக்கூடிய தீயை 20 டிகிரி சரிவில் ஓடியும் முந்த முடியாது. அதனால் உங்கள் எல்லைக்குப் பத்து அடி அகலத்துக்கு மண் தெரியச் செதுக்கி, அதற்கு உட்புறமாக இன்னும் முப்பது அடி புல்லை வேரை விட்டு ஒட்ட வெட்டிவிடுங்கள். நாற்பது அடியையும் மண் தெரியச் செதுக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண் அத்தனையும் ஓடைக்குப் போய்விடும். கோடு சரிவில் நேராக இறங்கும் இடங்களில் இருபது முப்பது அடிக்கு ஒரு குறுக்கு வரப்பு வைத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

கோட்டை ஒருமுறை வெட்டினால் போதாது. ஜனவரி கடைசியில் வெட்டிய கோட்டைப் பிப்ரவரி கடைசியில் போய்ப் பாருங்கள், சருகு மூடியிருக்கும். சருகு மூடிய கோட்டில் தீ நின்று யோசிக்காது, நேரே கடந்துவிடும். மார்ச் முழுக்க வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஆள் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒரு ஆள் கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் செய்த செலவு முழுவதையும் இழக்கிறார்கள். கோட்டின் உட்புறம் மலைவாழையும் கற்றாழையும் வரிசையாக வைக்கலாம், இரண்டும் சதைப்பற்று உள்ளவை. ஆனால் வாழையின் காய்ந்த இலைகளை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே பந்தம்.

வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. அங்கே ஒரு புல்லைக்கூட நீங்களாக வெட்ட முடியாது. ஆனால் ஜனவரிக்கு முன்பே வனவரையும் வனக் காப்பாளரையும் போய்ப் பாருங்கள். துறையும் தன் கோடுகளை அந்தச் சமயத்தில்தான் சுத்தம் செய்யும். அவர்கள் கோடும் உங்கள் கோடும் ஒரே இடத்தில் சேருமாறு பேசிக்கொண்டால் இரண்டு பேருக்கும் பலன். தீக்காலத்துக்கு அவர்கள் எடுக்கும் தீத்தடுப்புக் காவலர்களில் இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களும் இருப்பார்கள். இந்தக் காட்டில் எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், மத்தியானத்துக்கு மேல் காற்று எந்தப் பள்ளத்தாக்கு வழியே ஏறும் என்பதை அவர்களைவிடத் தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை. எல்லை வேலைக்கு அவர்களை அழைத்து முறையான கூலி கொடுத்துச் செய்யுங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது கேள்வி. நாமே கொளுத்தலாமா? வேண்டாம்.

தீயே கூடாது என்று நான் நினைப்பதால் இதைச் சொல்லவில்லை. தீயை முழுக்க விலக்கியதற்கு அமெரிக்கா பெரிய விலை கொடுத்தது. 1935 முதல் அங்கே எங்கு தீப்பிடித்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைக்க வேண்டும் என்ற கொள்கை பல பத்தாண்டுகள் இருந்தது. அதனால் காட்டுத்தரையில் எரிபொருள் சேர்ந்துகொண்டே போனது. கரூக், யூரோக் போன்ற பழங்குடியினர் காலங்காலமாகச் செய்துவந்த சிறு தீ மூட்டலைத் தடைசெய்துவிட்டு, இப்போது அவர்களிடமே போய்க் கற்றுக்கொள்கிறார்கள். கலிபோர்னியாவில் நில உரிமையாளர்கள் பயிற்சி பெற்றவர்களோடு கூடி ஒருவர் நிலத்தில் ஒருவர் தீ மூட்டிக் கொடுக்கும் சங்கங்கள் இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம், வேகம், புல்லின் ஈரம் எல்லாம் பார்த்து, தண்ணீர் வண்டியும் ஆட்களும் சுற்றி நிற்க, முன் அனுமதியோடு செய்கிறார்கள். நம் வனத்துறையும் தன் கோடுகளில் காலைப் பனி ஈரம் இருக்கும்போதே எரித்து முடிப்பதுண்டு.

உங்களிடம் அந்த ஏற்பாடு இல்லை. மூன்று கூலியாட்கள், ஒரு குடம் தண்ணீர், பத்து மணிக்கு மேல் திசை மாறும் மலைக்காற்று. காட்டின் விளிம்பில் மூட்டிய தீ உள்ளே போய்விட்டால் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி அது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், போன தீயைத் திருப்பி அழைக்க வழி கிடையாது. 2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட் டேல் பக்கம் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் அள்ளி வந்து கொட்ட வேண்டியிருந்தது. தழைக் குவியலை எரித்தே ஆக வேண்டும் என்றால் நவம்பர், டிசம்பரில், மழை விட்ட மறுநாள், சிறு சிறு குவியலாக, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, வனக் காப்பாளருக்குச் சொல்லிவிட்டு எரியுங்கள். சாம்பலுக்குள் கைவைத்துப் பார்த்து, குளிர்ந்தபிறகே இடத்தைவிட்டு நகருங்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியே ஆக வேண்டும். தீ உள்ளே வந்த அந்த வருடம் எனக்கு ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் பைப் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஐந்நூறு அடி நீளம், தரைமேல் கிடந்தது. தீ முதலில் தொட்டது அந்தப் பைப்பைத்தான். பத்தே நிமிடத்தில் உருகி, வீட்டில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மின்சாரமும் அதற்குள் போய்விட்டதால் கிணற்று மோட்டாரும் ஓடவில்லை. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது களத்தோரம் இருந்த பழைய சிமெண்ட் தொட்டியும், பூச்சிமருந்து அடிக்கும் முதுகுத் தெளிப்பான்கள் மூன்றும்தான். எனவே பைப்பை ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள். பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் நம்பாதீர்கள், வீட்டுப் பக்கத்தில் ஆயிரம் இரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் சிமெண்ட் தொட்டி ஒன்று, மோட்டார் இல்லாமல் வாளியால் அள்ளும்படி இருக்கட்டும். முதுகுத் தெளிப்பான்களை மருந்து வாசனை போக நன்றாகக் கழுவி, பிப்ரவரி முதல் நிரப்பியே வையுங்கள். பதினாறு லிட்டர் தண்ணீர் பெரிய தீயை அணைக்காது. ஆனால் கூரையில் விழுந்த பொறியை, தூணில் பற்றிய சிறு சுடரை அணைக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. வீட்டைக் காக்க வேண்டிய வேலையில் பெரும்பகுதி அதுதான்.

ஐந்து ஏக்கரை நீங்கள் எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும் பக்கத்துத் தோட்டம் உண்ணிச்செடியும் புல்லுமாகக் கிடந்தால் பாதி பாதுகாப்புதான். நம் மலையில் இதுதான் இப்போது பெரிய கவலை. வெளியூரில் இருப்பவர்கள் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு வருடத்தில் இரண்டு நாள் வந்து போகிறார்கள். தோட்டம் காடாகிறது, ஆனால் காட்டின் நிழலும் ஈரமும் அதற்கு வருவதில்லை. அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்தால் கோபப்படாமல் போன் செய்யுங்கள். எல்லையோரம் ஐம்பது அடியை உங்கள் ஆட்களே சுத்தம் செய்ய அனுமதி கேளுங்கள், செலவை அவர் தரட்டும். நான் கேட்ட யாரும் மறுத்ததில்லை. அக்கம்பக்கத்தார் ஐந்தாறு பேர் சேர்ந்தால் புல்வெட்டும் இயந்திரத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், ஜீப் பாதையில் தாழ்ந்த கிளைகளைக் கழிக்கலாம், புகையைப் பார்த்தவர் யாருக்கு முதலில் சொல்வது என்று முடிவு செய்யலாம். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கண்டறியும் தீ எச்சரிக்கைகளைக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது, பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் நம் தலைக்கு மேல் கடக்கும். எதிர்மலையில் மாடு மேய்ப்பவரின் கண் அதைவிட வேகமானது. அவருடைய எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். தீயணைப்பு வண்டிக்கு 101, பொது அவசரத்துக்கு 112. வண்டி மலையேறி வர நேரமாகும், உங்கள் பாதையில் திரும்ப இடமில்லை என்றால் வந்தாலும் உள்ளே வராது.

தீ வந்துவிட்ட நாளைப் பற்றியும் கொஞ்சம். வயதானவர்களும் குழந்தைகளும் புகை தெரிந்த உடனேயே கிளம்பிவிட வேண்டும், தீயைப் பார்க்கும்வரை காத்திருக்கக் கூடாது. பாதை வழியாகப் போங்கள். குறுக்குவழி என்று புல் சரிவில் இறங்கவே கூடாது, தீக்கு மேலே ஏறவும் கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் மலையேறப் போன இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களை நாம் இழந்தது புல் மண்டிய சரிவில்தான். அந்த நாளை நினைக்காமல் என்னால் எந்த மார்ச் மாதத்தையும் கடக்க முடிவதில்லை. நைலான், பாலியஸ்டர் துணி உடம்பில் உருகி ஒட்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் செருப்பு அல்லது ஷூ, ஈரத் துண்டு. கிளம்பும்போது ஜன்னல்களைச் சாத்துங்கள், திரைச்சீலைகளைக் கழற்றுங்கள், கேஸ் சிலிண்டரை மூடுங்கள், மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். பத்திரங்களை ஒரே பையில் பிப்ரவரியிலேயே எடுத்து வைத்திருந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தீ கடந்துபோன பிறகு, துறையினர் அனுமதித்ததும், யாராவது திரும்பி வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். தீ போய் மூன்று நான்கு மணி நேரம் கழித்து, எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, ஓட்டுக்கு அடியில் புகைந்துகொண்டிருந்த ஒரே பொறியில் எரிந்த வீடுகள் உண்டு. பரணுக்குள், இறவாரத்தில், தூண்களின் அடியில் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். மரக்கட்டைகளும் வேர்களும் இரண்டு மூன்று நாள் உள்ளுக்குள் எரியும், மண்ணை வெட்டித் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள். எரிந்த அடிமரம் எச்சரிக்கை இல்லாமல் சாயும், அதன் கீழே ஆட்களை நிற்கவிடாதீர்கள். எதையும் சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கருகிய காப்பிச் செடிகளை உடனே பிடுங்கத் தோன்றும், கை அரிக்கும். பொறுங்கள். அடித்தண்டில் நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தரையிலிருந்து ஓர் அடி விட்டுச் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் மருந்து பூசி விட்டுவிடுங்கள். கோடை மழை இரண்டு விழுந்தபிறகு தளிர் வரும், நல்ல தளிர் இரண்டை மட்டும் நிறுத்தி மற்றதைக் கிள்ளிவிட்டால் மூன்றாவது வருடம் பழம் எடுக்கலாம். அதே மழைக்கு, அதே இடத்தில், உண்ணிச்செடி விதைகளும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். இரண்டு இலையோடு விரலால் பிடுங்கிவிடக்கூடிய அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள்.